ஏழு பேருக்கு ஒரு சின்ன கார்! கடைசி வரிசையில் பாட்டியா, பேரனா?

ஞாயிற்றுக்கிழமை காலை. திருச்சி அரியமங்கலத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் மொத்தம் 7 பேர். தாத்தா, பாட்டி, மகன், மருமகள், மூன்று பிள்ளைகள். தாத்தா பொன்மலை ரெயில்வே தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகனுக்குத் துவாக்குடி பக்கம் வேலை. வாசலில் நிற்பது ஒரு மோட்டார் சைக்கிள், ஒரு ஸ்கூட்டர்.

அன்று சமயபுரம் போக வேண்டும். எப்படிப் போவது?

"ஏங்க, நாலு பேரை ஒரே வண்டியிலே ஏத்திக்கிட்டு தஞ்சாவூர் ரோட்டிலே போறது எனக்குப் பயமா இருக்குங்க. லாரி பக்கத்திலே வந்தா உசிரே போயிடுது" என்கிறாள் மருமகள்.

"சரி, வாடகைக் காருக்குச் சொல்லட்டுமா?"

"போன மாசம் கல்யாணத்துக்கு வாடகை. அதுக்கு முந்தின மாசம் அத்தையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வாடகை. இப்படியே கொடுத்துக்கிட்டு இருந்தா எப்படிங்க? சொந்தமா ஒரு வண்டி வாங்கிட்டா என்ன?"

பாட்டி குறுக்கிடுகிறாள்: "வாங்குறது இருக்கட்டும், தம்பி. என் முட்டி வலிக்கு அதிலே ஏறி உட்கார முடியுமான்னு முதல்லே பாரு."

பாட்டி கேட்டது நல்ல கேள்வி. கார் கம்பெனி விளம்பரத்தில் 'ஏழு பேர் போகலாம்' என்று போட்டிருப்பார்கள். எந்த ஏழு பேர் என்று போட்டிருக்க மாட்டார்கள்!

பால்பண்ணை ரவுண்டானாவில் இருந்து துவாக்குடி வரை உள்ள தஞ்சாவூர் ரோட்டை திருச்சிக்காரர்கள் அறிவார்கள். பஸ்ஸும், லாரியும், தொழிற்சாலை வண்டிகளும் ஓயாமல் ஓடும் பாதை. 'அணுகுசாலை போடுங்கள்' என்று பல ஆண்டுகள் மக்கள் குரல் கொடுத்த பாதை. அதில் ஒரே மோட்டார் சைக்கிளில் தகப்பன், தாய், நடுவில் ஒரு பிள்ளை, பெட்ரோல் டாங்கியின் மேல் ஒரு பிள்ளை என்று போவதைப் பார்க்கிறோம். பார்க்கிறவர்களுக்கே நெஞ்சு படபடக்கிறது.

ஆகவே, கார் வேண்டும் என்று அந்த மருமகள் கேட்பதை ஆடம்பரம் என்று சொல்ல முடியாது. ஆனால் கடன் வாங்கி வண்டி வாங்கிவிட்டு, 'இதில் எல்லோரும் உட்கார முடியவில்லையே' என்று பிறகு வருந்தினால் பணம் திரும்பி வருமா?

4 மீட்டர் ரகசியம்

இப்போது விற்கும் சின்ன கார்களின் நீளத்தைப் பாருங்கள். ஒன்று 3 மீட்டர் 99 சென்டிமீட்டர் இருக்கும். இன்னொன்று 3 மீட்டர் 99½ சென்டிமீட்டர் இருக்கும். 4 மீட்டரை மட்டும் தொடாது. ஏன்?

எல்லாம் வரி செய்யும் வேலை!

2006-ம் ஆண்டு மத்திய பட்ஜெட்டில், அப்போது நிதி மந்திரியாக இருந்த ப.சிதம்பரம் சின்ன கார்களுக்கு உற்பத்தி வரியை 24 சதவீதத்தில் இருந்து 16 சதவீதமாகக் குறைத்தார். எது சின்ன கார்? நீளம் 4 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. பெட்ரோல் வண்டியானால் என்ஜின் 1200 சி.சி.க்கு மேல் போகக்கூடாது. இதுதான் அளவுகோல்.

அதற்குப் பிறகு ஜி.எஸ்.டி. வந்தது. அளவுகோல் மாறவில்லை. 2025 செப்டம்பர் 22-ந் தேதி முதல், இந்த அளவுக்குள் அடங்கும் பெட்ரோல் கார்களுக்கு வரி 18 சதவீதம். அடங்காத பெரிய கார்களுக்கு 40 சதவீதம்! ஒரு சாண் நீளம் கூடினால் வரி இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிடுகிறது.

ஆகவே கம்பெனிக்காரர்கள் என்ன செய்கிறார்கள்? 4 மீட்டருக்குள்ளேயே முன்னால் என்ஜின், நடுவில் மனிதர்கள், பின்னால் சாமான் எல்லாவற்றையும் அடைக்கப் பார்க்கிறார்கள். அதிலும் 7 பேரை உட்கார வைப்பது என்றால் லேசான காரியமா? மூன்று வரிசை இருக்கை வேண்டும். மூன்று வரிசைக்கும் கால் நீட்ட இடம் வேண்டும்.

இந்த முயற்சி புதிதும் அல்ல. 1956-ம் ஆண்டிலேயே இத்தாலியில் பியட் கம்பெனி 'மல்டிப்ளா' என்ற குட்டிக் காரைச் செய்தது. நீளம் மூன்றரை மீட்டர்தான். என்ஜின் 633 சி.சி. அதைப் பின்னால் கொண்டுபோய் வைத்துவிட்டு, டிரைவரை முன் சக்கரத்துக்கு மேலேயே உட்கார வைத்து, 6 பேருக்கு இடம் செய்தார்கள். ரோமாபுரி வீதிகளில் அது டாக்சியாக ஓடியது.

நம் நாட்டில் 1984-ல் மாருதி வேன் வந்தது. 796 சி.சி. என்ஜின். பிறகு அதற்கு 'ஆம்னி' என்று பெயர். பள்ளிக்கூடப் பிள்ளைகள் முதல் கல்யாணச் சீர்வரிசை வரை அது சுமக்காத சுமை இல்லை. 2019-ல் அதன் உற்பத்தி நின்றது. அதைவிடப் பெரிதாக 'வெர்சா' என்று ஒரு வண்டி 2001-ல் வந்தது. அமிதாப்பச்சனும் அவர் மகனும் விளம்பரத்தில் நடித்தார்கள். அப்படியும் விற்பனை சூடு பிடிக்கவில்லை. விலை அதிகம் என்று மக்கள் வாங்கவில்லை. அதே வண்டியின் உடம்பில் சில வசதிகளைக் கழித்து, விலையைக் குறைத்து, 2010-ல் 'ஈகோ' என்று பெயர் மாற்றி விட்டார்கள். விற்றது!

ஒரகடத்தில் பிறந்த வண்டி

4 மீட்டருக்குள் 7 பேர் என்ற கணக்குக்கு இன்று பெரும்பாலோர் பார்க்கும் வண்டி ரெனோ கம்பெனியின் 'டிரைபர்'. கம்பெனி பிரான்சு நாட்டுக் கம்பெனி என்றாலும் வண்டி பிறப்பது நம் ஊர்ப்பக்கம்தான். சென்னையை அடுத்த ஒரகடத்தில் உள்ள தொழிற்சாலையில் செய்கிறார்கள். 2019 ஆகஸ்டில் விற்பனைக்கு வந்தது. அப்போது தொடக்க விலை 4 லட்சத்து 95 ஆயிரம் ரூபாய். 2025 ஜூலையில் முகத்தை மாற்றி, சில வசதிகளைக் கூட்டிக் கொண்டுவந்தார்கள்.

இதற்கு முன்பு, 2015-ல், அதே ஒரகடத்தில் இருந்து 'டாட்சன் கோ பிளஸ்' என்று ஒரு வண்டி வந்தது. அதுவும் 4 மீட்டருக்குள் 7 பேர் என்றுதான் சொன்னது. ஆனால் கடைசி வரிசையில் வளர்ந்தவர்கள் உட்கார முடியாது. பள்ளிக்கூடப் பையை வைக்கலாம், அல்லது பையோடு சேர்த்துப் பையனையும் வைக்கலாம். அவ்வளவுதான். 2022-ல் டாட்சன் என்ற பெயரே இந்தியாவை விட்டுப் போய்விட்டது.

டிரைபர் வண்டியின் அளவைச் சொல்லுவோம். நீளம் 3,990 மில்லிமீட்டர். அதாவது 13 அடி 1 அங்குலம். அகலம் 1,739 மில்லிமீட்டர். ஐந்தே முக்கால் அடிக்குக் கொஞ்சம் குறைவு. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே உள்ள தூரம் 2,636 மில்லிமீட்டர். இந்தக் கடைசி அளவுதான் முக்கியம். இது கூடக் கூட உள்ளே கால் நீட்டும் இடம் கூடும். சின்ன வண்டிக்கு இது நல்ல அளவு. சக்கரங்களை வண்டியின் நான்கு மூலைக்கும் தள்ளி வைத்து இந்த இடத்தைச் சம்பாதித்து இருக்கிறார்கள்.

நடு வரிசை இருக்கையை முன்னும் பின்னும் 17 சென்டிமீட்டர் வரை நகர்த்தலாம். கடைசி வரிசையில் இரண்டு தனித்தனி இருக்கைகள். வேண்டாதபோது அவற்றைக் கழற்றி வீட்டில் வைத்துவிடலாம்! ஒன்றை மட்டும் கழற்றினால் 6 பேர் வண்டி. இரண்டையும் கழற்றினால் 5 பேர் வண்டி.

பாட்டி ஏறிப் பார்க்கட்டும்

கார் கடைக்குப் போகும்போது பெரும்பாலும் மகன் மட்டும் போவான். கூட ஒரு நண்பன் போவான். இருவரும் முன்னால் உட்கார்ந்து ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, 'பிரமாதம்' என்று வந்து விடுவார்கள். முன் சீட்டு எந்த வண்டியிலும் பிரமாதம்தான்!

7 பேர் வண்டி என்றால் 7 பேரும் போகவேண்டும். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

முதலில் பாட்டியை நடு வரிசையில் உட்காரச் சொல்லுங்கள். காலை மிக உயரமாகத் தூக்காமல் ஏற முடிகிறதா? இறங்கும்போது பிடித்துக்கொள்ளக் கைப்பிடி இருக்கிறதா? முட்டி வலி உள்ளவர்களுக்கு மிகத் தாழ்வான காரும் ஆகாது, மிக உயரமான ஜீப்பும் ஆகாது. டிரைபர் போன்ற வண்டிகள் இரண்டுக்கும் நடுத்தரம். தரைக்கும் வண்டியின் அடிவயிற்றுக்கும் 18 சென்டிமீட்டர் இடைவெளி. வேகத்தடையிலும் அடி தட்டாது. ஏறுவதும் கஷ்டம் இல்லை.

பிறகு கடைசி வரிசை. அதற்குத் தனிக் கதவு கிடையாது. நடு வரிசையின் ஒரு பகுதியை மடக்கி, குனிந்து, உடம்பைத் திருப்பி, உள்ளே நுழைய வேண்டும். பத்து வயதுப் பையன் அணிலைப் போல் ஓடிவிடுவான். பாட்டியால் முடியாது. தாத்தாவாலும் முடியாது. மருமகள் புடவை கட்டிக்கொண்டு நுழைந்து பார்க்கட்டும். விசேஷத்துக்குப் போகும் நாளில் பட்டுப் புடவைதானே கட்டுவாள்?

உட்கார்ந்த பிறகு முட்டி எங்கே வருகிறது என்று பாருங்கள். சின்ன வண்டிகளில் கடைசி வரிசை இருக்கை தரையை ஒட்டித் தாழ்வாக இருக்கும். முட்டி மேலே எழும்பும். தொடைக்குத் தாங்கல் இருக்காது. டிரைபரில் நடு வரிசையை முன்னால் நகர்த்தினால் ஓரளவு உயரமானவர்கூட அரை மணி நேரம் உட்காரலாம். அரியமங்கலத்தில் இருந்து ஸ்ரீரங்கம் போய் வரலாம். வேளாங்கண்ணிக்குப் போனால்? திருச்சியில் இருந்து சுமார் 150 கிலோமீட்டர். தஞ்சாவூர் தாண்டுவதற்குள் 'வண்டியை நிறுத்து' என்பார்.

அப்படியானால் யார் எங்கே? அந்த அரியமங்கலத்துக் குடும்பத்துக்குக் கணக்குச் சரியாக வருகிறது. மகன் வண்டி ஓட்டுவான். தாத்தா முன் சீட்டில் (அந்த இடத்தை அவர் விட்டுத் தரமாட்டார்!). நடுவில் பாட்டி, மருமகள், கடைக்குட்டி. கடைசியில் பெரிய பிள்ளைகள் இரண்டு பேர்.

ஆனால் இன்னும் ஐந்தாறு ஆண்டு கழித்து? பிள்ளைகள் தோளுக்கு மேல் வளர்ந்துவிடுவார்கள். தாத்தா பாட்டிக்கு வயது கூடும். அப்போது கடைசி வரிசைக்கு யார் போவது? பிள்ளைகள் ஏற்கனவே கல்லூரியில் படிக்கும் வயதுள்ள குடும்பம், வளர்ந்தவர்களே 7 பேர் உள்ள குடும்பம், இந்தச் சின்ன வண்டியை நம்பி வாங்கக்கூடாது.

இன்னொன்று, வெயில். திருச்சியின் சித்திரை, வைகாசி வெயிலைப் பற்றிச் சொல்லவேண்டுமா? முன்னால் இருந்து வரும் குளிர் காற்று கடைசி வரிசைக்குப் போய்ச் சேருவதற்குள் அனல் காற்று ஆகிவிடும். டிரைபரில் இரண்டாம், மூன்றாம் வரிசைகளுக்கும் தனித்தனியே குளிர் காற்று வரும் வழி உண்டு. ஆனால் விலை குறைந்த ரகத்தில் எல்லா வசதியும் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். 'பின்னால் குளிர் காற்று எந்த ரகத்தில் இருந்து கிடைக்கும்?' என்று கேட்டு, மத்தியானம் 2 மணிக்கு, கடைசி வரிசையில் உட்கார்ந்து கால் மணி நேரம் போய்ப் பாருங்கள். காலை 8 மணிக்குப் போய்ப் பார்ப்பது வீண்.

குடத்தால் ஒரு கணக்கு

சாமான் வைக்கும் இடத்தை லிட்டர் கணக்கில் சொல்லுவார்கள். பலருக்குப் புரிவதில்லை. தண்ணீர்க் குடத்தால் கணக்குப் போட்டால் புரியும். ஒரு பிளாஸ்டிக் குடம் 15 லிட்டர் என்று வையுங்கள்.

டிரைபரில் 7 பேரும் உட்கார்ந்துவிட்டால் பின்னால் மிஞ்சும் இடம் 84 லிட்டர். அதாவது ஐந்தரைக் குடம். 7 பேருக்கு ஐந்தரைக் குடம் இடத்தில் என்ன வைப்பது? இரண்டு பை வைக்கலாம். சாப்பாட்டுத் தூக்கு வைக்கலாம். பழனிக்குப் போய் இரண்டு நாள் தங்கி வரும் துணிமணிக்கு அது போதாது. வண்டியின் கூரைமேல்தான் கட்டவேண்டும். கூரைமேல் எவ்வளவு எடை ஏற்றலாம் என்பது வண்டியோடு தரும் புத்தகத்தில் இருக்கும். அதற்கு மேல் கட்டினால் வளைவில் வண்டி தள்ளாடும்.

பின் இருக்கை இரண்டையும் கழற்றிவிட்டாலோ 625 லிட்டர்! நாற்பது குடத்துக்கு மேல். பெரிய கார்களில்கூட இவ்வளவு கிடையாது. காந்தி மார்க்கெட்டில் மொத்தமாகக் காய்கறி வாங்கி வரும் சிறு கடைக்காரருக்கு இது நல்ல சேதி. ஆக, 7 பேரும் போகலாம், சாமானும் போகலாம். இரண்டும் சேர்ந்து போக முடியாது.

மலை ஏறுமா?

வண்டியின் என்ஜின் 999 சி.சி. சக்தி 72 குதிரை. வண்டியின் எடை சுமார் 950 கிலோ. அதில் 4 பெரியவர்கள், 3 பிள்ளைகள், கொஞ்சம் சாமான் ஏறினால் 400 கிலோ கூடிவிடும். வண்டியின் எடையில் ஐந்தில் இரண்டு பங்கு!

டவுனுக்குள் இது தெரியாது. பால்பண்ணை, காந்தி மார்க்கெட், மலைக்கோட்டைத் தெருக்கள், காவிரிப் பாலம் என்று போகும்போது யாரும் வேகமாகப் போக முடியாது. அங்கே சின்ன வண்டிக்குத்தான் மதிப்பு. பெரிய வண்டி திரும்ப முடியாமல் திணறும் சந்தில் இது திரும்பிவிடும்.

சென்னை நாற்கரச் சாலையிலும் 80 கிலோமீட்டர் வேகத்தில் நிதானமாகப் போகலாம். சிக்கல் எங்கே என்றால், இருவழிச் சாலையில் லாரியை முந்தும்போது. 7 பேரோடு போகும்போது மிதித்தவுடன் பாயாது. கியரைக் குறைத்து, என்ஜினை உறும விட்டு, பிறகுதான் வேகம் எடுக்கும். எதிரே வரும் பஸ் அதுவரை காத்திருக்காது. சின்ன என்ஜின் வண்டியை ஓட்டுகிறவர், 'முந்த வேண்டாம், பின்னாலேயே போவோம்' என்று இருக்கப் பழக வேண்டும்.

கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறுமா என்றால் ஏறும். முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் முனகிக்கொண்டு ஏறும். மலைப்பாதை ஊரில் குடியிருப்பவர்கள், வாரம் தவறாமல் மலை ஏறுபவர்கள் பெரிய என்ஜின் வண்டியைப் பார்ப்பது நல்லது. ஆண்டுக்கு ஒரு தடவை போகிறவர்களுக்கு இது ஒரு குறை அல்ல.

மோதினால் என்ன ஆகும்?

பெண்கள் முதலில் கேட்கவேண்டிய கேள்வி இது. ஆண்கள் பெரும்பாலும் கேட்பது மைலேஜ்!

'குளோபல் என்கேப்' என்ற அமைப்பு, கார்களை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டுப் பார்த்து நட்சத்திரம் கொடுக்கிறது. காருக்குள் மனித பொம்மைகளை உட்காரவைத்து, எந்த பொம்மைக்கு எவ்வளவு அடி என்று அளக்கிறார்கள். 5 நட்சத்திரம் வாங்கினால் மிக நல்லது. 2021-ல் டிரைபரை மோதிப் பார்த்தபோது பெரியவர்கள் பாதுகாப்புக்கு 4 நட்சத்திரமும், குழந்தைகள் பாதுகாப்புக்கு 3 நட்சத்திரமும் கிடைத்தன. அப்போது 2 காற்றுப் பைகள். 2025-ல் வந்த புதிய வண்டியில் எல்லா ரகத்திலும் 6 காற்றுப் பைகள் வைத்திருக்கிறார்கள்.

மாருதி ஈகோவை 2016-ல் மோதிப் பார்த்தார்கள். பெரியவர்கள் பாதுகாப்புக்கு ஒரு நட்சத்திரம்கூடக் கிடைக்கவில்லை. அதிலும் 2025 முதல் 6 காற்றுப் பைகள் வந்துவிட்டன. பெரிய வண்டியான எர்டிகாவுக்கு 2019-ல் 3 நட்சத்திரம் கிடைத்தது. 2024-ல் புதுக் கடுமையான விதியின்படி சோதித்தபோது பெரியவர்கள் பாதுகாப்புக்கு 1 நட்சத்திரம்தான் கிடைத்தது. பெரிய வண்டி என்றால் பாதுகாப்பு அதிகம் என்று எண்ணிவிட வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்லவேண்டியிருக்கிறது.

ஆனால் 7 பேர் வண்டிக்கு இன்னும் சில கேள்விகள் உண்டு. பக்கவாட்டில் திரைபோல் விரியும் காற்றுப் பை கடைசி வரிசை வரை வருகிறதா? நடு வரிசையின் நடுவில் உட்காருபவருக்கு, தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் பெல்ட்டா, இடுப்பை மட்டும் பிடிக்கும் பெல்ட்டா? கடைசி வரிசையில் தலைக்குப் பின்னால் கண்ணாடிக் கதவு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? 4 மீட்டர் வண்டியில் அந்த இடைவெளி ஒரு முழம்கூட இராது. பின்னால் இருந்து லாரி இடித்தால் முதல் அடி அங்கேதான். அங்கே உட்காருவது யார்? நம் பிள்ளைகள்!

அதற்காகப் பயந்து ஓடவேண்டாம். மோட்டார் சைக்கிள் டாங்கியின் மேல் உட்கார்ந்து போவதைவிடப் பெல்ட் போட்டுக் கடைசி வரிசையில் உட்காருவது எவ்வளவோ மேல். பெல்ட் போடவேண்டும் என்பதுதான் பேச்சு. 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைப் பெல்ட்டோ, குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றிச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம் என்று சட்டம் இருக்கிறது. மடியில் குழந்தையை வைத்துக்கொண்டால் போதும் என்று தாய்மார்கள் நினைக்கிறார்கள். 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதும்போது எந்தத் தாயின் கையாலும் குழந்தையைப் பிடித்து நிறுத்த முடியாது.

பணக் கணக்கு

இனி மருமகள் நோட்டுப் புத்தகத்தை எடுக்கட்டும்.

2025 செப்டம்பரில் வரி குறைந்தபோது டிரைபரின் தொடக்க விலை 5 லட்சத்து 76 ஆயிரம் ரூபாய் ஆயிற்று. ஈகோ 5 லட்சத்து 18 ஆயிரத்தில் தொடங்கியது. எர்டிகா 8 லட்சத்து 80 ஆயிரத்தில் தொடங்கியது. இவை கடை விலைகள். வண்டி வீட்டுக்கு வந்து சேரும் விலை வேறு.

தமிழ்நாட்டில் 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை விலை உள்ள காருக்கு ஆயுள் வரி 13 சதவீதம் என்று 2023-ல் வைத்தார்கள். 5 லட்சத்து 76 ஆயிரம் ரூபாய் வண்டிக்கு இது ஏறக்குறைய 75 ஆயிரம். அதன்பின் இன்சூரன்ஸ். புதுக் காருக்குப் பிறர் சேதத்துக்கான இன்சூரன்சை 3 ஆண்டுக்குச் சேர்த்தே கட்டவேண்டும். (என்ஜின் 1000 சி.சி.க்குள் இருப்பதால் இதில் மிகக் குறைந்த கட்டணம்.) எல்லாம் சேர்ந்து 7 லட்சத்தை நெருங்கிவிடும். அதுவும் அடிமட்ட ரகத்துக்கு!

கையில் 2 லட்சம் இருக்கிறது. 5 லட்சம் கடன் என்று வைத்துக்கொள்வோம். வட்டி 9 சதவீதம். 5 ஆண்டுத் தவணை என்றால் மாதம் சுமார் 10,380 ரூபாய். 7 ஆண்டு என்றால் மாதம் சுமார் 8,045 ரூபாய். 'மாதம் 2,300 ரூபாய் மிச்சம்' என்று 7 ஆண்டை எடுத்துக்கொள்ளத் தோன்றும். ஆனால் 5 ஆண்டில் மொத்த வட்டி 1 லட்சத்து 23 ஆயிரம். 7 ஆண்டில் 1 லட்சத்து 76 ஆயிரம். 53 ஆயிரம் ரூபாய் கூடுதல்! மூத்த பெண் கல்லூரிக்குப் போகும் ஆண்டும் தவணைக் காலத்துக்குள் வருகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

பெட்ரோல்? லிட்டருக்கு 19 கிலோமீட்டர் அளவில் ஓடும் என்று கம்பெனிக் கணக்கு. 7 பேரும், குளிர் காற்றும், டவுன் நெரிசலும் சேர்ந்தால் அது குறையும். 15 என்று வைத்தால், வேளாங்கண்ணி போய்வர 300 கிலோமீட்டருக்கு 20 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்றால் 2,000 ரூபாய். 7 பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 300 ரூபாய்கூட ஆகவில்லை. இதைப் பார்த்தால் சொந்த வண்டி லாபம் என்று தோன்றும்.

ஆனால் வண்டி வாசலில் நிற்கும் நாட்களுக்கும் தவணை உண்டு. ஆகவே ஒரு சின்ன வேலை செய்யுங்கள். காலண்டரை எடுத்து, போன 12 மாதத்தில் 5 பேருக்கு மேல் சேர்ந்து பயணம் போன நாட்களை வட்டமிடுங்கள். ஆஸ்பத்திரி, கல்யாணம், கோவில் திருவிழா, துக்க வீடு எல்லாம் சேரட்டும். ஆறேழு வட்டம்தான் விழுந்தது என்றால், அந்த நாட்களுக்கு வாடகை வண்டி எடுத்துக்கொண்டு, தேவையானால் 5 பேர் போகும் காரை வாங்குவது சிக்கனம். மாதத்துக்கு மூன்று நான்கு என்று வட்டம் விழுந்தால் 7 பேர் வண்டியைத் துணிந்து பார்க்கலாம்.

'சும்மா நிற்கும் நாளில் வாடகைக்கு விட்டால் தவணை கட்டலாமே' என்று யாராவது யோசனை சொல்லுவார்கள். கேட்காதீர்கள். வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு விடுவது சட்டப்படி குற்றம். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் பணமும் சிக்கலாகிவிடும்.

மற்ற வண்டிகள் எப்படி?

எர்டிகாவின் நீளம் 14 அடிக்கு மேல். டிரைபரைவிட 1 அடிக்கு மேல் கூடுதல். 1462 சி.சி. என்ஜின். கடைசி வரிசையில் பெரியவர்களும் கொஞ்ச தூரம் நன்றாகவே உட்காரலாம். 7 பேர் உட்கார்ந்த பிறகும் 209 லிட்டர், அதாவது பதினான்கு குடம் இடம் மிஞ்சும். வாடகை வண்டிக்காரர்கள் அதை விரும்பி வாங்குவதற்குக் காரணம் இதுதான். ஆனால் தொடக்க விலையே 3 லட்சம் கூடுதல்.

ஈகோ உழைப்பாளி வண்டி. பக்கக் கதவைத் தள்ளித் திறக்கலாம். முட்டி வலிக்காரர்கள் ஏறச் சவுகரியம். கடையும் வைத்து, குடும்பமும் நடத்துகிறவர்களுக்குப் பொருந்தும். நீண்ட பிரயாணத்துக்கு அலுப்புத் தட்டும்.

பழைய எர்டிகாவை டிரைபர் விலைக்கு வாங்கலாமே என்று சிலர் கேட்பார்கள். வாங்கலாம். வாடகைக்கு ஓடி இளைத்த வண்டியா, வீட்டில் நின்ற வண்டியா என்பதை நன்றாக விசாரித்து, தெரிந்த மெக்கானிக்கை அழைத்துப்போய்ப் பார்க்க வேண்டும்.

கடைசியாக, அளவு நாடா

எல்லாம் முடிவாகிவிட்டது. மகன் முன்பணம் கட்டக் கிளம்புகிறான். தாத்தா கூப்பிடுகிறார்.

"எங்கேப்பா போறே?"

"முன்பணம் கட்டத்தாம்ப்பா."

"வண்டியை எங்கே நிறுத்தப்போறே?"

மகன் விழிக்கிறான். பொன்மலையில் முப்பது ஆண்டு இரும்பை அளந்த கை சும்மா இருக்குமா? தாத்தா அலமாரியில் இருந்து அளவு நாடாவை எடுத்துக்கொண்டு தெருவுக்கு வருகிறார். பேரன் ஒரு முனையைப் பிடிக்கிறான். தெருவின் அகலம் 12 அடி. ஓரத்தில் சாக்கடை 1 அடி. வண்டியின் அகலம் ஐந்தே முக்கால் அடி. கண்ணாடிக் காதுகளுக்கு இன்னும் கொஞ்சம். மீதி 5 அடி. ஆட்டோ போகும். எதிர் வீட்டுக்கு ஆம்புலன்ஸ் வரவேண்டும் என்றால்?

வீட்டு முன்புறம் திண்ணையில் இருந்து சுவர் வரை அளக்கிறார்கள். 12 அடி 4 அங்குலம். வண்டியின் நீளம் 13 அடி 1 அங்குலம்.

"ஒன்பது அங்குலம் இடிக்குது" என்கிறார் தாத்தா.

பாட்டி திண்ணையைப் பார்க்கிறாள். மாலை நேரத்தில் அவள் உட்காரும் திண்ணை.

"அதுக்கென்ன? படிக்கட்டை மட்டும் இடிச்சுக்குங்க" என்கிறாள்.